சாயந்திரம் வந்துவிடுவாள்

நான் ஒரு பொய் சொன்னேன். அதுவும் மைக்கில். கோயில் ஹால் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, வாய் கூசாமல் சொன்னேன்.

அது நடந்து பன்னிரண்டு வருஷமாயிற்று. கரண்ட் கட், ஆட்டோ மீட்டர், என் மூட்டுவலி என்று இந்தப் பத்தியில் உங்களோடு எவ்வளவோ பேசியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. போன வியாழக்கிழமைக்குப் பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஜோகுபாளையத்தில் எங்கள் பங்குக் கோயிலில் அப்போது மாதம் ஒரு ஞாயிறு சினிமா போடுவார்கள். ஃபாதர் எங்கிருந்தோ படப்பெட்டி கொண்டுவருவார். பெரும்பாலும் இங்கிலீஷ். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இங்கிலீஷ் வராது. அதனால் ஒரு ஏற்பாடு — திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஒரு மைக், நான். காலேஜில் இங்கிலீஷ் வாத்தியார் ஆயிற்றே! படம் ஓட ஓட, யார் என்ன பேசுகிறார்கள் என்று தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன்.

அந்த மாதம் வந்தது ஒரு பழைய அயர்லாந்துப் படம்.

என்ன படம் அது! பச்சை மலை, கல்லை அடுக்கிய வேலி, ஓயாத மழை. பட்டணத்திலிருந்து ஒரு மாட்டு டாக்டர் அந்தக் கிராமத்துக்கு வருகிறார். அவருக்கு மாடு என்றால் பயம். எதிர் வீட்டில் அண்ணனுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு வாத்து வளர்க்கும் ஒருத்தி. வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவர் ஐந்து தடவை கல்யாணப் பேச்சை எடுக்கிறார். ஐந்து தடவையும் ஏதாவது குறுக்கே வருகிறது — ஆடு, மழை, தபால்காரர்... தபால்காரர் கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். காதலிக்கிற இரண்டு பேருக்குத் தெரிவதற்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. ஜோகுபாளையம் மாதிரியேதான்!

"இன்னா சார், படம் ஆரம்பிச்சதுலேர்ந்து நனைஞ்சினே கீறாங்க, ஒருத்தருக்கும் சளி புடிக்கலியே?" என்று முன்வரிசையிலிருந்து மேரியம்மா குரல் கொடுத்தாள்.

"அந்த ஊரு மழை அப்படிம்மா."

"அந்த ஊருல உருளைக்கிழங்க உட்டா வேற காயே கெடையாதா?"

ஹால் சிரித்தது. ஃபாதரும் சிரித்தார். அந்தப் படத்தில் கெட்டவன் என்று யாருமே இல்லை. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. அந்த அண்ணன்கூடக் கெட்டவன் இல்லை. அடுப்பில் கெட்டில் வைக்கத் தெரியாதவன், அவ்வளவுதான்.

எனக்கும் தெரியாது.

மூன்றாவது வரிசையில் என் தங்கை ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். அன்றைக்கு அவளுக்கு முப்பத்தெட்டு. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. என் மனைவி இறந்துபோன பிறகு வீட்டைப் பார்த்துக்கொண்டது அவள்தான். அதற்கு முந்தின வாரம் அல்சூர் பஜாரில் கடை வைத்திருந்த டெய்லர் அந்தோணி வீட்டுக்கு வந்து, ஸ்டெல்லாவைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்று கேட்டிருந்தார். நல்ல மனிதர். குடி இல்லை, கூச்சல் இல்லை. "எல்லாம் அவ இஷ்டம்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவளிடமும் "உன் இஷ்டம்மா" என்றேன்.

"ஞாயித்துக்கெழம சொல்றேண்ணா" என்றாள்.

அந்த ஞாயிறுதான் இந்தப் படம்.

கடைசிக் காட்சி. வாத்துக்காரி தலையில் தொப்பி வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நிற்கிறாள். அண்ணனிடம் பேசுகிறாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஊர் உச்சரிப்பில் பாதி எனக்கே புரியவில்லை. அதுவரை குத்துமதிப்பாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் இந்தப் பேச்சு மட்டும் ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. இருபது வருஷம் உனக்குச் சமைத்துவிட்டேன், கெட்டில் அதோ இருக்கிறது, நான் அவரோடு போகிறேன், சந்தோஷமாகத்தான் போகிறேன்... அண்ணன் முகத்தைப் பார்த்தேன். பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்தேன்.

மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"'அண்ணா, உன்னைத் தனியா உட்டுட்டு நான் எங்க போவேன்?'னு கேக்கறா."

திரையிலோ அவள் டாக்டரின் குதிரை வண்டியில் ஏறுகிறாள்! கையில் ட்ரங்க் பெட்டி, கக்கத்தில் ஒரு வாத்து. வண்டி மலையேறிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஹாலில் சத்தமே இல்லை. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டுமே?

"ஸ்டேஷன் வரைக்கும் போயி அவரை வழியனுப்பப் போறா. சாயந்திரம் வந்துடுவா."

படம் முடிந்தது. மேரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஃபாதரும்தான்; அந்த ஊர் உச்சரிப்பு அவருக்கும் பிடிபடவில்லை போலிருக்கிறது.

ஸ்டெல்லா எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள். கதவைத் திறந்ததும், "அந்தோணி கிட்ட வேணாம்னு சொல்லிடுண்ணா" என்றாள். மறுநாள் காலையிலேயே போய்ச் சொன்னேன். வேறெந்த வேலையையும் நான் அத்தனை சுறுசுறுப்பாகச் செய்ததில்லை. அடுத்த வருஷம் அந்தோணிக்கு வேறு இடத்தில் கல்யாணம். அந்தப் பூசைக்குப் போனேன். முழங்காலில் நின்றேன். தலை நிமிரவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஃபாதரே என் பொய்யைக் கேட்டுக் கண்கலங்கியவர். அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

பக்கத்து வீட்டு நர்ஸ் பெண் இப்போது அயர்லாந்தில் வேலை பார்க்கிறாள். லீவில் வரும்போது அந்தப் படத்தின் டிவிடி கிடைத்தால் வாங்கிவரச் சொல்லியிருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் கொண்டுவந்தாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அடுக்களை வாசல் காட்சி வந்ததும் நிறுத்தினேன். அந்தப் பெண் நிஜமாக என்ன சொன்னாள், நான் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன்... எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுவாளா, திட்டுவாளா, டம்ளரைத் தூக்கி எறிவாளா?

சிரித்தாள்.

"இதுக்குத்தான் காலையிலேர்ந்து மூஞ்சிய அப்படி வச்சினு இருந்தியா? அதெல்லாம் எனக்கு அன்னிக்கே தெரியும்ணா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உனக்குத்தான் இங்கிலீஷே..."

"வழியனுப்பப் போறவ எவளாச்சும் ட்ரங்க் பெட்டிய தூக்கினு போவாளா? வாத்து வேற!"

"தெரிஞ்சுமா அந்தோணிய வேணாம்னு சொன்னே?"

டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ அத சொல்றப்போ உன் குரல் நடுங்குச்சு. மைக்குல நல்லாவே கேட்டுச்சு. ஐயோ, இந்த மனுஷனுக்கு இவ்ளோ பயமான்னு ஆயிடுச்சு... உட்டுட்டுப் போவ மனசு வரல."

அவளை ஏமாற்றிவிட்டேன் என்று பன்னிரண்டு வருஷமாக வருந்திக்கொண்டிருந்தேனே... ஏமாற்றக்கூட எனக்குத் துப்பில்லை! என் மேல் பரிதாபப்பட்டு ஒருத்தி தன் வாழ்க்கையை நிறுத்தி வைத்திருக்கிறாள். அந்தப் பரிதாபத்தில்தான் தினமும் மூன்று வேளை சாப்பிட்டிருக்கிறேன். ரசம் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

"மன்னிச்சுடும்மா. இப்ப நான் என்ன செய்யணும், சொல்லு."

"மொதல்லேர்ந்து போடு. இந்த வாட்டி நீ வாயத் தொறக்காத."

திறக்கவில்லை. அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சிரித்தாள். வண்டி போன பிறகு அந்த அண்ணன் தனியாக நின்று கெட்டிலை முறைத்துப் பார்ப்பானே, அங்கேதான் ரொம்ப நேரம் சிரித்தாள்.

அதற்கடுத்த மாதம் ஹெப்பகோடியிலிருந்து அவளுடைய சிநேகிதி போன் செய்தாள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அங்கே ஹாஸ்டல் நடத்துகிறாள். வார்டன் வேண்டுமாம், அங்கேயே தங்க வேண்டுமாம். "போகட்டுமா?" என்று ஸ்டெல்லா கேட்கவில்லை. "போறேண்ணா" என்றாள். ஐம்பது வயதில் எதற்கு இதெல்லாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, பரணிலிருந்து ட்ரங்க் பெட்டியை நானே இறக்கித் துடைத்து வைத்தேன். இரண்டு வாரம் எனக்குக் குக்கர் பாடம் நடந்தது. மூன்று விசில். நான்கு விட்டால் கஞ்சி.

போன வியாழக்கிழமை மார்க்கெட் பஸ் ஸ்டாண்ட். "ஹெப்பகோடி, ஹெப்பகோடி! ஹத்தி, ஹத்தி!" என்று கண்டக்டர் கன்னடத்தில் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினார். பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றேன்.

"அழாதண்ணா. எல்லாரும் பாக்கறாங்க."

"நான் ஒண்ணும் அழல."

பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"ஸ்டேஷன் வரைக்கும்தாண்ணா போறேன். சாயந்திரம் வந்துடுவேன்."

அவள் குரல் துளிகூட நடுங்கவில்லை.