ஸ்தமத்தெல்லா ஓட்டிய முதல் மழை

ஸ்தமத்தெல்லா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் செய்கிறவள். மகள் வேண்டாமென்று தூக்கிப் போட்ட கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு நாற்பது வயதில் ஊர்ப் பேண்டில் சேர்ந்தாள். ஐம்பதில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இரண்டுக்கும் ஊர் சிரித்தது, அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ரோஷம் என்பது அவளுக்குக் கிடையாது. அவள் பங்கையும் நான்தான் சேர்த்து வைத்திருக்கிறேன். நான் ரெஜினா, பக்கத்து வீடு. அதே பேண்டில் பித்தளைத் தாளம் அடிக்கிறவள்.

நவம்பர் முதல் ஞாயிறு, எங்கள் கிரேக்கத் தீவின் தலைநகரமான கோர்ஃபுவில், தீவைக் காக்கும் புனிதரின் ஊர்வலம். அதில் எங்கள் பேண்டு வாசிக்கும் மெதுநடைப் பாட்டின் நடுவே தனியாக வாசிக்கும் இடத்தை, பேண்டை நடத்தும் மாயிஸ்த்ரோ இந்த வருடம் ஸ்தமத்தெல்லாவுக்குக் கொடுத்திருந்தார். அவள் வராவிட்டால் தன் அக்கா மகன் மேமாஸ் வாசிப்பான் என்றும் சொல்லியிருந்தார். அவளுக்குக் காய்ச்சல் வரவேண்டுமென்று மேமாஸ் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அன்று விடியும்போதே வானம் கறுத்துவிட்டது. எங்கள் பக்கம் ஒலிவ மரத்தை உலுக்குவதில்லை. காய் தானாக விழும், கீழே வலை விரித்திருப்போம். பெருமழை வந்தால் அத்தனையும் ஓடையோடு போய்விடும். இருவரும் ஓடிப்போய் வலையைச் சுருட்டிக் காயை மூட்டை கட்டி நிமிர்ந்தால், பேண்டு பஸ் போய்விட்டிருந்தது. ஊரில் ஒரு கார்கூட மிச்சமில்லை.

"ஏறுடி," என்றாள் ஸ்தமத்தெல்லா.

"மழையில ஓட்டியிருக்கியா?"

"வெயில்ல நல்லா ஓட்டுவேன்."

அவள் முதுகில் கிளாரினெட், என் மடியில் தாளமும் இருவரின் பேண்டுத் தொப்பிகளும். ஊர் எல்லையைத் தாண்டியதும் தூறல் விழுந்தது. உடனே அவள் பஸ் நிறுத்தத்தின் கூரைக்கடியில் வண்டியை நிறுத்திவிட்டாள்.

"என்னடி ஆச்சு?"

"மழை நல்லாப் பெய்யட்டும். போன வசந்தத்துக்கு அப்புறம் இதான் முதல் மழை. அதுல இருந்து ரோட்டுல படிஞ்ச எண்ணெயும் தூசியும் இப்பத்தான் ஊறுது. ரோடு சோப்பு மாதிரி இருக்கும். கழுவிட்டுப் போனதும் போலாம்."

மழைக்குப் பயந்து நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மழை போதாதென்று நிற்கிறவளை அன்றுதான் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "மேமாஸ் உதட்டை நனைச்சுக்கிட்டு நிக்கிறான்டி!" என்று கத்தினேன். அவள் கைக்குட்டையால் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கொட்டத் தொடங்கியதும் கிளம்பினோம். பின்னால் வரும் கார்களுக்கு வழிவிடலாமென்று மரியாதையாக ஓரமாகவே போனாள். ஓரத்தில்தானே ஒலிவ மரங்கள்? சாலையில் விழுந்த காயெல்லாம் சக்கரங்களில் நசுங்கி எண்ணெய்யாகக் கிடந்தது. பின்சக்கரம் வழுக்கி ஒரு பக்கமாக ஓடியது. நான் புனிதரைக் கூப்பிட்டு அலறினேன். அவள் பிரேக்கைத் தொடவில்லை, கைப்பிடியைத் திருப்பவுமில்லை. நேராகப் பார்த்தபடி மூச்சை மட்டும் இழுத்துப் பிடித்திருந்தாள். வண்டி தானாக நிமிர்ந்தது.

"பிரேக் பிடிச்சிருந்தா?" என்றேன்.

"நீயும் நானும் அந்தக் காய் மாதிரி நசுங்கி எண்ணெயாயிருப்போம். இனிமே ஓரத்துக்குப் போகமாட்டேன். மரியாதையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அப்புறம் முன்னால் போன கார்களின் சக்கரத்தடத்திலேயே, எங்கள் மெதுநடைப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, அதே தாளத்தில் ஓட்டினாள். வளைவுகளுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தாள். பின்னால் கார்கள் ஊளையிட்டன. ஒரு வேன்காரன் பக்கத்தில் வந்து தலையை நீட்டினான்.

"அக்கா, நடந்தே போயிருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பீங்களே!"

"நீ முன்னாடி போப்பா. எனக்குக் கச்சேரி இருக்கு, உடையாமப் போகணும்."

நகரத்தை அடைந்தபோது மழை விட்டிருந்தது, ஊர்வலம் கிளம்பியிருந்தது. எங்கள் பேண்டு மெதுநடைப் பாட்டைத் தொடங்கிவிட்டது காதில் விழுந்தது. "உள்ளேயே விடுடி!" என்று முதுகில் குத்தினேன். தெரு முழுக்கக் கால்பட்டுக் கால்பட்டு மெருகேறிய பழங்கல், அதுவும் ஈரம். அவள் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தினாள்.

"இந்தக் கல்லு மேலயா? ஓடுடி, ரெஜினா!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினோம். மேமாஸ் வாயில் கிளாரினெட்டை வைத்துவிட்டான். பின்னாலிருந்து அவன் தோளைத் தட்டினாள் ஸ்தமத்தெல்லா. தலையிலிருந்து கால்வரை சேறு, ஓடும்போதே மாட்டிக்கொண்ட தொப்பியின் சிறகு நனைந்த கோழி. அவன் அவளை ஒரு தடவை பார்த்தான், பிறகு இடம்விட்டு நகர்ந்தான். பொறாமைக்காரன்தான், ஆனாலும் நல்ல பையன்.

அவள் வாசித்தாள். அந்த நீண்ட வழியில் என்னைப் பத்திரமாகக் கொண்டுவந்த விரல்கள் இப்போதும் அதே நிதானத்தில் நகர்ந்தன. பால்கனிகளில் பேச்சு நின்றது. எனக்கோ நெஞ்சு நிறைந்து கண் வழிந்தது. அந்தப் பகுதி முடிகிற இடத்தில் நான் தாளத்தைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. அவள் கடைசிச் சுரம் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். மாயிஸ்த்ரோ திரும்பி முறைத்தார். முறைக்கட்டும்.