சிவந்த சுண்டுவிரல்

எழுபதுகளில் காரைக்குடியில் எங்கள் பக்கத்து வீட்டு ரேடியோ மெக்கானிக், முரட்டு மீசைக்காரர், சர்க்யூட் போர்டை வீட்டிலேயே செய்வார். செப்புத் தகட்டில் நெயில் பாலிஷால் கோடு வரைந்து, காய்ந்ததும் திராவகத்தில் போட்டால், கோடு போட்ட இடம் தவிர மற்ற செம்பு கரைந்துவிடும். காய்ந்ததா என்று தகட்டைத் தொட்டால் கோடு கெட்டுவிடுமே! அதனால் கூடவே தன் சுண்டுவிரல் நகத்திலும் பூசிக்கொண்டு, அதைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

ஒருநாள் வெள்ளைச் சட்டையும் திருநீறுமாகக் கானாடுகாத்தானுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார். இரண்டு கைச் சுண்டுவிரல் நகங்களும் சிவந்திருந்தன.

“பொண்ணு பாக்கப் போறீக, இது என்னண்ணே?” என்று பதறினேன்.

“ஸ்டீரியோ செய்யுறேன் தம்பி. வலது போர்டுக்கு ஒண்ணு, இடது போர்டுக்கு ஒண்ணு.”

அந்தப் பெண் நீட்டிய காபியை எந்தக் கையால் வாங்கினாரோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.