நல்லாப் போதுமாம்

எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்ற திமிர் சிறு வயதிலிருந்தே எனக்கு உண்டு. கண்டியில் மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது வராமல் போனால்தான் ஆச்சரியம். அரசாங்க வேலையில் சேர்ந்த பிறகு எழுத வேண்டிய மொழித் தேர்ச்சிப் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறினேன். என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியும் அவருடைய சிங்களம் பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்வதோடு நின்றுவிட்டது. ஆகவே எங்கள் வீட்டில் சிங்களத்தில் நடக்க வேண்டிய காரியம் எதுவானாலும் அது என் இலாகா. மின்சார சபை, ஆஸ்பத்திரி, வீட்டுச் சொந்தக்காரர் என்று எங்கே போனாலும் நான் முன்னால் நின்று பேசுவேன், அவர் பின்னால் நிற்பார். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை மறைப்பானேன்.

எங்கள் இருவருக்குள்ளும் தமிழே சில நேரம் இடறும். கல்யாணமான புதிதில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது "காணும், காணும்" என்றார். நான் கரண்டியைத் தேடுகிறார் என்று நினைத்து, "என்னங்க காணோம்?" என்று மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அவர்களுக்குக் காணும் என்றால் போதும் என்று அர்த்தமாம். அதன்பிறகு பல வருடம் என்னைச் சீண்ட வேண்டுமென்றால் சாப்பாட்டு மேசையில் அந்தச் சொல்லைத்தான் எடுப்பார்.

அவர் கட்டடப் படம் வரைகிறவர். நகரத்தில் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்தார். சீமெந்து விலையும் கம்பி விலையும் ஏறி, வீடு கட்ட நினைத்தவர்கள் எல்லாம் அந்த நினைப்பை மூட்டை கட்டி வைத்த காலத்தில் அந்த அலுவலகம் மூடப்பட்டது. ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தார். சமைத்தார், துணி காயப்போட்டார், ஏழு வயது மகளுக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டார். நான் வேலை விட்டு வந்து பையை வைப்பதற்குள் தேநீர் வந்துவிடும். ஊரில் யாராவது "இப்ப என்ன செய்யிறீங்கள்?" என்று போனில் கேட்டால் மட்டும் முகம் விழுந்துவிடும்.

கட்டாரில் இருந்த அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் தொடர்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டட வேலைத்தளத்தில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. போனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் வரலாம். அவருக்குப் போக மனமே இல்லை. மகளைப் பார்த்துக்கொண்டே, "இவ என்னை மறந்து போவா" என்றார் ஒரு நாள். எனக்கும் அதே பயம்தான்.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வீட்டிலிருந்தே முப்பரிமாணக் கட்டடப் படங்கள் வரைய ஆள் எடுக்கிறது என்று தெரிந்தது. அவருடைய பழைய வேலைகளை அனுப்பியதும் பிடித்துப்போய், பரீட்சை வேலை ஒன்று தருகிறோம், ஆறு நாளில் முடித்து அனுப்பு, சரியாக இருந்தால் வேலை உனக்கு என்று எழுதினார்கள். ஆனால் சொந்தமாக ஒரு நல்ல கணினி வேண்டும். வீட்டிலிருந்த பழைய லப்டொப் அந்த மென்பொருளைக் கண்டாலே மூச்சை விட்டுவிடும்.

எனக்குச் சீட்டுக் காசு விழுந்திருந்தது. கையில் இருந்தது அவ்வளவுதான். கடையிலேயே முழுதாகப் பொருத்திப் பூட்டி விற்கும் கணினியை அந்தக் காசுக்கு வாங்க முடியாது என்று அவர் சொன்னார். பகுதி பகுதியாகத் தெரிவு செய்து பூட்டினால் எட்டும் என்றார். இரண்டு கிழமை அதே வேலைதான். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு பட்டியல் எழுதினார். ஒன்றை ஏற்றினால் இன்னொன்றை இறக்க வேண்டும். புரோசசர் பழைய ரகமானாலும் பரவாயில்லை, ரம் என்கிற நினைவகம் குறையக் கூடாது, படத்தை அசைத்துக் காட்டுகிற வீஜீஏ கார்ட்டில் மட்டும் கைவைக்கவே கூடாது. அழித்து அழித்துத் தாள் கிழிந்துவிட்டது. எத்தனையோ வீட்டுக்குப் படம் வரைந்தவர், எங்களுக்கென்று ஒரு வீட்டை வரைந்தபோதுகூட இவ்வளவு யோசித்ததாக எனக்கு ஞாபகமில்லை. அந்த இரண்டு கிழமையும் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பழைய மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

புது வீஜீஏ கார்ட் எங்கள் காசுக்கு எட்டாது. கெலிஓயாவில் ஒரு போன் கடைக்காரர் பாவித்தது ஒன்றை விற்கப் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். அவருடைய கணினியிலேயே போட்டு ஓட்டிக் காட்டினார். "பாவிச்சதுதான், ஆனா ஒரு கொறையும் இல்ல. ஒண்டு மட்டும் சொல்றேன். நல்ல பவர் சப்ளையா போடுங்க. இது கரண்ட நல்லா இழுக்கும்" என்றார். என் கணவர் உடனே தாளை எடுத்து, பவர் சப்ளை என்று எழுதியிருந்ததற்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

மற்றச் சாமான்களை வாங்க மணிக்கூண்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு மாடிக் கடைக்குப் போனோம். நான் அலுவலகத்தில் அரை நாள் லீவு போட்டிருந்தேன். வெளியே மழை, உள்ளே சனம். கடைக்காரர் பட்டியலைப் பார்த்துச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியில் கேசிங் என்கிற கூட்டை எடுத்தபோது, அதற்குள்ளேயே ஒரு பவர் சப்ளை பூட்டியிருப்பதைக் காட்டினார். தனியாக நல்லது ஒன்று வாங்கினால் பட்டியல் கைமீறிப் போகும். மொனிட்டரைச் சின்னதாக்கினால் சமாளிக்கலாம் என்றார் என் கணவர். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏற்கெனவே கண்ணாடி போட்டிருக்கிற மனிதர், நாள் முழுக்கக் கையகலத் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பதா? இரண்டு மணிக்குள் நான் அலுவலகத்துக்குத் திரும்பவும் வேண்டும்.

"கேசிங்கோட வாறது இந்த வீஜீஏக்குக் காணுமோ எண்டு கேளும்" என்றார்.

நான் கேட்டேன். "மேக்க எத்தித?" இது போதுமா என்பதற்கு எங்கள் ஊரில் யாரும் கேட்கிற சிங்களம்தான். கடைக்காரர் இன்னொருவருக்குப் பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "ஹரி எத்தி, மிஸ்" என்றார்.

"போதுமாம்" என்றேன்.

"வடிவாக் கேட்டனீரோ?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பேர் நடுவில் என் சிங்களத்தைச் சந்தேகப்படுகிறாரா? "நல்லாப் போதுமாம்" என்றேன். அந்த 'நல்லா' கடைக்காரர் சொன்னதல்ல. நான் போட்டது. பிறகு என் கணவர் கையிலிருந்த பென்சிலை வாங்கி, இரண்டு கோடு போட்டிருந்த அந்த வரியை நானே வெட்டினேன்.

கணினியைப் பூட்டிச் சாயங்காலம்தான் கொடுத்தார்கள். திரீவீலரில் வரும்போது அவர் அதை மடியில் வைத்து, ஒவ்வொரு குழிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். வீட்டில் மகள் அதற்குக் குங்குமப் பொட்டு வைத்தாள். நான் சூடம் காட்டினேன்.

பரீட்சை வேலை புதன்கிழமை வந்தது. மூன்று மாடிக் கட்டடம் ஒன்று. வேலை தொடங்கிய மறுநாள் கணினி தானாக ஒரு தடவை நின்றது. வெள்ளிக்கிழமை இரண்டு தடவை. "பவர் காணாது போல கிடக்கு" என்றார். "ஒங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம். கரண்ட் ஏறி எறங்கியிருக்கும்" என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டேன். அவர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வேலையைச் சேமித்துச் சேமித்துத் தொடர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் குசினியில் பருப்பு வேகப்போட்டிருந்தேன். முன்னறையில் பட்டென்று ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால், எரிந்த வயர் மணம் வீட்டை நிறைத்திருந்தது. அவர் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மகள் கதவு ஓரத்தில் அழுதாள்.

செவ்வாய்க்கிழமைக்குள் வேலையை அனுப்ப வேண்டும். திங்களும் செவ்வாயும் புத்தர் பண்டிகையான வெசாக் விடுமுறை. கடைக்குப் பத்துத் தடவை போன் எடுத்தேன், யாரும் தூக்கவில்லை. வேலை சேமித்திருந்த ஹார்ட் டிஸ்க் தட்டை மட்டும் கழற்றிக்கொண்டு அவர் குண்டசாலையில் இருக்கும் பழைய சக ஊழியர் ஒருவர் வீட்டுக்குப் போனார். அந்த நண்பருடைய கணினிக்கு வலு போதாமல் அந்தப் படம் திறக்கவே இல்லை. நானும் கூடப் போயிருந்தேன். திரும்பி வரும்போது தெருவெல்லாம் வெசாக் கூடு என்கிற காகித விளக்குகள், தானம் கொடுக்கிற இடங்களில் நீண்ட வரிசை, குடும்பம் குடும்பமாகச் சனம். பஸ் நகரவே இல்லை. அவர் அந்தத் தட்டைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையால் பொத்திக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வெளிச்சத்தையெல்லாம் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

இரண்டு நாள் தவணை கேட்டு நிறுவனத்துக்கு எழுதினார். மரியாதையாகப் பதில் வந்தது. நன்றி, இடங்கள் நிரம்பிவிட்டன.

புதன்கிழமை காலை கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் திறந்து பார்த்தார். பவர் சப்ளை கருகி, மதர்போர்ட்டையும் வீஜீஏ கார்ட்டையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. போதும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று சிங்களத்தில் அந்தக் கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன்.

கடைக்காரர் கோபப்படவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு, பாவமாகப் பார்த்து, "மம கிவ்வே ஹரி எத்தி கியலா விதரய்னே, மிஸ்" என்றார்.

'ஹரி எத்தி' என்று மட்டும்தானே சொன்னேன் மிஸ் என்கிறார். எத்தி என்று தனியாகச் சொன்னால், போதும் என்று அர்த்தம். அதே எத்தியை இன்னொரு சொல்லோடு சேர்த்துச் சொன்னால், இருக்கும், நடந்திருக்கும், நிச்சயமில்லை என்று அர்த்தம். கடிதம் போய்விட்டதா என்று அலுவலகத்தில் கேட்டால் "யவலா எத்தி" என்பார்கள். அனுப்பியிருப்பார்கள் போல என்பதுதான் அதன் பொருள். அதைக் கேட்டு நான் எத்தனை தடவை, "போலவா? போய்ப் பார்த்துச் சொல்லுங்க" என்று எரிந்து விழுந்திருக்கிறேன். கடைக்காரர் அன்றைக்குச் சொன்னது 'சரி, போதும்' அல்ல. 'சரியாக இருக்கும் போல.' எனக்குத் தெரியாத சிங்களம் இல்லை அது. எனக்கு எது வேண்டுமோ அதைக் கேட்டுக்கொண்டேன்.

"என்னவாம்? என்ன சொல்லுறார்?" என்றார் என் கணவர், பின்னாலிருந்து.

அப்போது சொல்லியிருக்கலாம். தமிழில் ஒரு வரி. "வீஜீஏ கார்ட் ரொம்பக் கரண்ட் இழுத்துருச்சாம்" என்றேன்.

அவர் மெதுவாகத் தலையாட்டினார். கருகிய கார்ட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான்தான் பெரிய கார்ட் வேணுமெண்டு நிண்டனான். உம்மட சீட்டுக் காசையும் சேர்த்து எரிச்சுப்போட்டன்" என்றார். அந்தக் கடையில், அத்தனை பேர் முன்னால், என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றார். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் நாளைக்கு என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அவர் எனக்கு அதிகமாக வேலை செய்து கொடுத்தார், குற்றம் செய்தவர் போல. அதைப் பார்க்கப் பார்க்கச் சொல்வது இன்னும் கஷ்டமாகிப் போனது.

மூன்று மாதத்தில் கட்டார் விசா வந்தது. போகிற அன்று மகள் அவருடைய காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. நான்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

இப்போது ஒன்றரை வருடமாகிறது. வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் வருவார். மகள் இரண்டு வார்த்தை பேசிவிட்டு விளையாடப் போய்விடுகிறாள். போன கிழமை அவர் ஒரு செய்தி சொன்னார். அவர் படம் வரைவார் என்று யாரோ சொல்லி, வேலைத்தளத்தின் வரைபட அலுவலகத்துக்கு மாறுகிறாயா என்று மேலாளர் கேட்டாராம். புதிதாகக் கணினிகள் வாங்கப் போகிறார்களாம், என்னென்ன வேண்டும் என்று இவரே பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அங்கே போனால் சம்பளம் கூட, வருடா வருடம் வீட்டுக்கு வரலாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். அந்தத் தெரிவெல்லாம் எனக்குச் சரிவராது. வீட்டில ஒரு மெஷினை எரிச்ச ஆள் நான் எண்டன்" என்று சிரித்தார். "ஸ்டோர் வேலை காணும் எனக்கு."

திரையில் அவர் முகம் மெலிந்து தெரிந்தது. அவர் எழுதிய பட்டியல் சரி, அதில் வெட்டக் கூடாத ஒரே வரியை வெட்டியது நான் என்று சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் போதும். அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஓம், சாப்பிட்டனான்" என்றார்.