நசுங்காத எலுமிச்சம்பழம்

இன்னைக்கு மத்தியானம் தம்பி கார்த்திக்கோட நாச்சாரத்துல ஒரு பழைய கார் யார்டுக்குப் போனேன். ஐ.டி. கம்பெனில போனஸ் வந்ததுலேர்ந்து அவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியம்.

சிவப்பு வண்டி, ரெண்டே கதவு. புதுசுல கோடி ரூபாய். யார்டுக்காரர் யாதகிரி இருபது லட்சம்னார்.

"ஆக்ஸிடென்ட் ஆன வண்டியா?"ன்னு நேராவே கேட்டேன்.

"குச் நை சார், ஒரு கீறல்கூட இல்ல. ஓட்டிப் பாருங்க."

ஓட்டறதுக்கு முன்னாடி நாலு டயருக்கும் அடியில எலுமிச்சம்பழம் வெச்சார். புது வண்டி எடுக்கறப்பதானே வைப்பாங்கன்னு கேட்டேன்.

"இந்த வண்டிக்கு மட்டும் ஒவ்வொரு டிரையலுக்கும் வைப்போம் சார்."

தம்பி வண்டியை எடுத்தான், நான் பக்கத்து சீட்ல. பழம் நசுங்கறது கீழே நல்லாவே தெரிஞ்சுது.

ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து பார்த்தா, மூணு பழம் கூழ். தம்பி பக்கத்து முன் டயர் ஏறின பழம் மட்டும் முழுசா இருந்துச்சு. மேல டயர் அச்சு வேற.

யாதகிரி குனிஞ்சார். அதை எடுத்துத் துடைச்சு, ஆபீஸ் மேஜைல இருந்த கண்ணாடிக் கிண்ணத்துல போட்டார். அதுல ஏற்கெனவே காஞ்சு கறுத்த முழுப் பழங்கள் கிடந்துது. உள்ளே வர்றப்ப அழகுக்கு வெச்சிருக்கார்னு நினைச்சிருந்தேன்.

"இன்னொரு லட்சம் குறைச்சுக்கறேன் சார்"னார். நாங்க பேரமே பேச ஆரம்பிக்கல.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் தம்பி குஷி. "அண்ணா, இன்னும் நாலு தடவை ஓட்டிப் பார்த்தா எவ்ளோ இறங்கும்!"

நாளைக்கும் போறானாம். நான் வரலைன்னுட்டேன். பக்கத்து சீட் காலியா இருக்கு, யார் போறீங்க?