ஏரிக்குள் ஆறாவது ஆள்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் மனைவி அம்சவல்லிக்குப் பொய் சொல்ல வராது. குழம்பில் உப்புக் கூடிவிட்டால்கூட இலை போடுவதற்கு முன்பே அவளே சொல்லிவிடுவாள்.

1971, பங்குனி மாதம். தேர்தல் முடிந்து சுவர்களில் உதயசூரியன் இன்னும் புதுசாக இருந்தது. சர்க்காருக்கு இளிச்சவாயர் யார்? வாத்தியார்கள்தான். ஓட்டுச்சாவடியில் உட்கார்ந்தவர்களையே மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் விரட்டினார்கள். அம்சவல்லியும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

நாங்கள் இருந்த அல்லியேரி, ஒரத்தநாட்டுக்குத் தெற்கே சின்ன ஊர். மேற்கே ஏரி, கிழக்கே வாய்க்கால், நடுவில் நாலு தெரு. மூவாயிரம் பேர் இருந்தால் அதிகம்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அப்போதுதான் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. மூன்று மாதம் முடியாமல் வாய் திறக்கக் கூடாது, கண் படும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் தலைமையாசிரியர் கல்யாணராமன் அவளுக்கு ஏரிக்கரைத் தெருவைக் கொடுத்திருக்கவே மாட்டார். பிள்ளைத்தாய்ச்சியை உச்சி வேளையில் அந்தப் பக்கம் அந்த ஊரில் யாரும் விட மாட்டார்கள். நாங்கள் ஊருக்குப் புதுசு. அது எங்களுக்குத் தெரியாது.

பகல் பன்னிரண்டே கால். தெருவின் கடைசி வீட்டை முடித்துவிட்டுத் திரும்பியவள், கரைக்கு அந்தப் பக்கம் ஏரியின் உள்ளேயே ஒரு குடிசையைப் பார்த்தாள். ஏரி வற்றி, தரை வெடித்துக் கிடந்தது. கதவில் நம்பர் போடவில்லை. விட்டுப்போயிருக்கும் என்று இறங்கிப் போனாள்.

உள்ளே ஐந்து பேர். கிழவர் அரசப்பன், அவர் மனைவி, மகன், மகள், மருமகள் ராசம்மாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். ஆனால் யாரும் அசையவில்லை.

தரை ஈரமாக இருந்தது. மெழுகிய ஈரம் இல்லை. ராசம்மாளின் கூந்தலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

சொட்... சொட்...

"அஞ்சு பேரு. சரிதானேம்மா?"

"ஆறு," என்றாள் ராசம்மாள். "எம் புள்ளைய எழுதலையே."

மூலையில் ஒரு தூளி தொங்கியது. அம்சவல்லி விலக்கிப் பார்த்தாள். காலி. சேலை நனைந்திருந்தது.

"புள்ள எங்கம்மா?"

"நீ எழுது. வந்துரும்."

அம்சவல்லி பேனாவை மூடினாள். "கண்ணால பாக்காம எழுதக் கூடாதுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தாள். யாரும் தடுக்கவில்லை.

கரை ஏறினாள். தெருவைப் பார்த்து நடந்தாள். வேப்பமரம் வந்தது. மதகு வந்தது. அப்புறம்... அதே குடிசை.

திரும்பி எதிர்ப்பக்கமாக ஓடினாள். ஓட்டு வீடுகள் கண்ணுக்குத் தெரிந்தன. யாரோ ஒரு பெண் வாசலில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள். அம்சவல்லி கூப்பிட்டாள். அந்தப் பெண் திரும்பவில்லை. எவ்வளவு ஓடியும் அந்த வீடுகள் கிட்டே வரவில்லை.

மறுபடியும் குடிசை.

கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டே கால்.

இப்போது ஐந்து பேரும் வாசலில் நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. கால் மட்டும் குளிர்ந்தது. குனிந்து பார்த்தாள்.

தண்ணீர்.

வற்றிய ஏரியில்... கணுக்காலுக்கு.

முழங்காலுக்கு.

இடுப்புக்கு...

"எழுது."

எழுதினாள். குழந்தை. வயது பூஜ்யம். ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு அப்படித்தான் போட வேண்டும்.

"ஆணா, பொண்ணா?"

ராசம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தாள்.

"ஆண்."

அவ்வளவுதான். தண்ணீர் இல்லை. குடிசை இல்லை. கரைமேல் இருந்த ரஹ்மத் பீவியின் இட்லிக் கடையில் வந்து விழுந்தாள். இடுப்புவரை சேலை நனைந்திருந்தது.

"அங்க ஏதும்மா வீடு?" என்றாராம் ரஹ்மத் பீவி. பிறகு மெதுவாகச் சொல்லியிருக்கிறார். சில வருஷத்துக்கு முன்பு, கூலி நெல் கூடக் கேட்டுச் செங்கொடி பிடித்தார்கள் என்று அரசப்பன் குடும்பத்தை மிராசுதார் தன் மனையிலிருந்து விரட்டினார். போக்கிடம் இல்லாமல் ஏரிக்குள் குடிசை போட்டார்கள். அந்த ஐப்பசியில் உச்சி வேளையில் வெள்ளம் வந்தது. ஐந்து பேரும் போனார்கள். ராசம்மாளுக்கு அது எட்டாம் மாதம். புறம்போக்கில் இருந்தவர்கள் என்று வெள்ளச் சாவுக் கணக்கில்கூட அவர்களைச் சேர்க்கவில்லை.

அன்றைக்கே அந்தத் தாளை அடுப்பில் போட்டோம். நல்லபடியாக எரிந்தது. நானும் பயத்தை மறைக்க அவளைக் கேலி செய்தேன்.

புரட்டாசியில் வீட்டிலேயே பிரசவம். இரட்டைப் பிள்ளை என்று அதுவரை யாருக்கும் தெரியாது. பெண் முதலில் வந்து அழுதது. இன்றைக்கு அவளுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்தது ஆண். அது அழவே இல்லை. என் மகனை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், இன்னும் ஆறவில்லை.

மருத்துவச்சி அவன் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினாள். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. பனிக்குடத்து நீர் என்றுதான் நினைத்தோம். விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். அதில் சேறும் பாசியும் கிடந்தன.