மூங்கிலடி விருந்தாளி

மூங்கில் புதர் கண்ணில் பட்டதும் பட்டாபி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிடுகிறார். மியூசியம் தோட்டத்துச் சருகில் செருப்பு சரசரத்தால் பறவை போய்விடுமாம். வெறுங்கால் மட்டும் சரசரக்காதா என்று கேட்டுவிடக் கூடாது. கேட்ட ஆபீஸ் நண்பர் சேஷனோடு கொஞ்ச நாள் பேச்சுவார்த்தையே இல்லை. பறவையைக் கைநீட்டிக் காட்டுவதும் இவர் சட்டப்படி குற்றம். "விரலை மடக்கும் ஓய்! மோவாயாலே காமிச்சாப் போராதா?"

கணக்கு ஆபீஸில் உத்தியோகம், கோட்டைக்குள்ளே வீடு. கழுத்தில் தொங்கும் பைனாகுலரில் ஒரு கண் பூஞ்சணம் பிடித்தது. மழை கொட்டினாலும் கையிலிருக்கும் குடையை விரிக்க மாட்டார். பருந்து என்று பறவைகள் மிரண்டுவிடுமாம். தெப்பமாக நனைந்து வீட்டுக்குப் போனால் மனைவி சுப்புலக்ஷ்மி சும்மா விடுவாளா? "பால் வாங்கிண்டு வரச்சொன்னா ஜலதோஷம் வாங்கிண்டு வந்திருக்கார்!" மனுஷர் அதற்கும் தும்மிக்கொண்டே சிரிப்பார்.

ஐப்பசியில் துலா மழை பிடித்துவிட்டால் இவருக்கு இருப்புக் கொள்ளாது. இமயமலை அடிவாரத்திலிருந்து ஆறுமணிக்குருவி வந்து சேரும் காலம். பச்சை முதுகு, நீலம் பாரித்த சிறகு, மை தீட்டிய கண், வாலடியில் குங்குமச் சிவப்பு. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். வருஷா வருஷம் இந்த மூங்கிலடிக்கு ஒன்று வரும். அதே குருவிதான் என்று சாதிப்பார். "அது இதுன்னு சொல்லாதேயும், அவர்னு சொல்லும்."

இந்த வருஷம் ஒருநாள் அந்தியில் 'அவர்' குரல் கேட்டுவிட்டது. மறுநாள் இருட்டுப் பிரியும்போதே பட்டாபி ஓடி வந்தார். வந்தவருக்குப் பகீரென்றது. மூங்கிலடியில் பேருக்கு ஒரு சருகு இல்லை. பளிச்சென்று பெருக்கி, தண்ணீர் தெளித்து, நடுவில் சின்னதாகக் கோலம் வேறு! தோட்டம் பெருக்கும் பூமாரி விளக்குமாறும் கையுமாக, முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். நாகர்கோவில் பக்கத்துக்காரி.

"சாமி தெனமும் செருப்பக் கழட்டிட்டு அசையாம நிக்கியளே, இங்க நாகரு இருக்காருன்னு எனக்குத் தெரியாதா? அதான் வெளிச்சம் வருமுன்ன தூத்துப் போட்டேன்."

திட்ட வந்த வாய் திட்டவில்லை. "நாகரும் இல்லை, யக்ஷியும் இல்லை பூமாரி. ஒரு பக்ஷி. எத்தனையோ தூரம் பறந்து பசியோட வந்திருக்கார். சருகைப் புரட்டிப் புழு தின்னாத்தான் அவருக்கு வயறு ரொம்பும். வெறுந்தரைலே அவருக்கு எந்து ஜோலி? வேறே எடம் பாத்துண்டு போயிடுவார்."

பூமாரிக்குச் சிரிப்பு செத்துப்போயிற்று. "அய்யோ! தின்ன வந்ததுக்க சோத்தத் தட்டி விட்டுட்டனா?"

நல்லவேளை, குவித்த சருகுக்கு அவள் இன்னும் தீ வைக்கவில்லை. பட்டாபி மேல்வேஷ்டியை உதறி விரித்தார். அவள் அள்ளிப் போட, அவர் சுமந்து போய்க் கொட்டினார். நடக்க வந்த பெரியவர் ஒருவர், "எந்தா சாமி, ஜோலி மாறியோ?" என்று மலையாளத்தில் கேலியாகக் கேட்டார். பட்டாபி அடுத்த சுமைக்கு ஓடினார். கோலம் சருகுக்கடியில் மறைந்தது.

இருவரும் தள்ளி நின்றார்கள். வெயில் வந்தும் ஒன்றையும் காணோம். பட்டாபி பைனாகுலரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பக்கத்தில் நிற்கிறவளை நோக முடியுமா? நல்லதென்று நினைத்துத்தானே செய்தாள்!

அப்போது இரட்டை விசில். புதருக்குள்ளிருந்து துள்ளித் துள்ளி வந்தது குருவி. ஒரு சருகைப் புரட்டியது. இன்னொன்றைப் புரட்டி, புழுவை இழுத்து விழுங்கியது. பட்டாபிக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி பங்குனி வரைக்கும் இங்கேதான்.

"என்ன நெறம்! தெய்வந்தான் சாமி இது," என்று முணுமுணுத்துக் கும்பிட்டாள் பூமாரி.

பக்ஷிதான் என்று திருத்த வாயெடுத்தார் பட்டாபி. குருவி தலையைத் தூக்கிப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டு, சத்தம் வராமல், மெல்லக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.