மூன்றேகால் அங்குல வெள்ளைக் கரை

போன வருடம் அக்கா தான் வரைந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு இரத்தினபுரிக்குப் போய், அடுத்த பஸ்ஸிலேயே படத்தோடு திரும்பி வந்தாள். மாவட்ட ஓவியக் கண்காட்சிக்குப் படம் வாங்கிய மேசையில் இருந்தவர், சுற்றியிருந்த தாளைப் பிரித்ததும் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். மவுண்ட் அட்டை இல்லாமல் எடுக்க முடியாது என்று சிங்களத்தில் சொல்லி, திருப்பிக் கொடுத்துவிட்டார். பிஸ்கட் பெட்டியின் அட்டையில் பசை தடவி ஒட்டியிருந்தாள் அக்கா. மறுத்ததில் அவளுக்குக் கோபம் இல்லை. "படத்தப் பாக்கவே இல்லடி. ஓரத்த மட்டும் பாத்தாரு" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

நிவித்திகலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தோட்டத்தில் பத்தொன்பது வருடமாக ரப்பர் பால் வெட்டுகிறாள் அக்கா. மத்தியானத்துக்கு மேல் படம் வரைவாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், நீலமும் கறுப்புமாக இரண்டு பால்பொயிண்ட் பேனா, அவ்வளவுதான் அவளுடைய சாமான். இந்த வருடம் வரைந்திருந்த படத்தில் ஏழு ரப்பர் மரங்கள் வரிசையாக நின்றன. முழங்காலிலிருந்து நெஞ்சு உயரம் வரைதான் மரம். மேலே இலை இல்லை, வானம் இல்லை. ஒவ்வொரு மரத்திலும் சரிந்திறங்கும் வெட்டுத்தடம், அதன் அடியில் ஒரு சிரட்டை. பட்டையில் இருக்கும் ஒவ்வொரு சுருக்கத்தையும் பேனாவால் ஏற்றியிருந்தாள். கொழும்பில் ஒரு பத்திரிகையில் துணை ஆசிரியராக இருக்கும் எனக்கு, நாளொன்றுக்கு ஐம்பது படமாவது கண்ணில் படும். இந்தப் படத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கண்காட்சிக்காரர்களின் அறிவித்தல் தெளிவாக இருந்தது. பிரேம் அவர்களுடையது. இருபத்துநான்குக்குப் பதினெட்டு அங்குலம். அந்த அளவுக்குச் சரியாக வெள்ளை மவுண்ட் வெட்டி, படத்தை அதில் பொருத்தி, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் கொண்டுவர வேண்டும். இரத்தினபுரியில் பிரேம் கடைக்காரர் பத்து நாள் கேட்டார். எங்களிடம் இருந்தது இரண்டு நாள். நான் கொழும்பில் ஒரு முழு மவுண்ட் போர்ட் வாங்கி, கடையிலேயே அளவுக்கு இரண்டு துண்டாக்கி, பஸ்ஸில் மடியோடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

மவுண்ட் என்பது படத்துக்கு மேல் வரும் தடித்த அட்டை. அதன் நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டி எடுத்தால், படம் அந்த ஜன்னல் வழியாகத் தெரியும். வெட்டு நேர் கீழாக இறங்கக் கூடாது. படத்தைப் பார்த்துச் சரிந்து இறங்க வேண்டும். அந்தச் சிறிய சரிவு இருந்தால்தான் கண் தடங்கலில்லாமல் படத்துக்குள் போகும். அதற்கென்று கருவி இருக்கிறது. எங்களிடம் இருந்தது ஒரு கட்டர், ஓர் இரும்பு அடிமட்டம், நான் பத்திரிகையில் சேர்ந்த புதிதில் பக்கங்களை வெட்டி ஒட்டிய பழக்கம்.

சனிக்கிழமை விடியும்போதே மழை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. பால் சிரட்டைக்கு வராமல் மரமெல்லாம் வழிந்துவிடும். அக்கா வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வெட்டு இல்லை என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கங்காணி கேட்டிருந்தால் பெயரைக் குறித்து வைத்திருப்பார்.

முன் அறையான காம்பராவில் ஒரு மேசை இருக்கிறது. அக்காவின் கணவர், என் அத்தான், நிவித்திகலையில் சொல்லிச் செய்வித்தது, ரப்பர் மரம். அதைத் துடைத்து, அட்டையைக் குப்புறப் போட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டேன். படம் பதினெட்டுக்குப் பன்னிரண்டு. நான்கு பக்கமும் கால் அங்குலம் மவுண்டுக்குள் ஒளிய வேண்டும். அப்படியானால் கரை நான்கு பக்கமும் மூன்றேகால் அங்குலம். கணக்கில் பிழை இல்லை. பிழை கையில் வந்தது. கட்டரைச் சரித்துப் பிடித்து முதல் பக்கத்தை இழுத்தேன். சரிவு தொடக்கத்தில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி, முடிவில் நேர் குத்து. இரண்டாவது பக்கத்தில் கத்தி மூலையைத் தாண்டி ஓடிவிட்டது. திருப்பிப் பார்த்தால் வெள்ளை முகத்தில் ஓர் அங்குல நீளத்துக்குக் கீறல். அட்டை போனது மட்டுமல்ல. அடியில் மேசையிலும் இரண்டு நீளமான வெட்டு விழுந்திருந்தது.

வாசலில் தன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தான் எட்டிப் பார்த்தார். "பேப்பர்ல வேல செய்றவங்க பேப்பர வெட்டட்டும். அட்டைக்கு வேற ஆளப் பாருங்க" என்றார்.

அக்கா என் அட்டையைப் பார்க்கவில்லை. மேசையில் விழுந்த வெட்டைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, எவ்வளவு சரிவு வேண்டும் என்று கேட்டாள். பாதிச் சரிவு என்று கையைச் சாய்த்துக் காட்டினேன். கட்டரை வாங்கி, எடை பார்ப்பது போல இரண்டு தடவை கையில் புரட்டினாள். "இது வெட்டுத்தானே. நான் வெட்டுறேன். நீ மட்டத்த அமத்திப் புடி."

மிச்சம் இருந்தது ஒரே அட்டை. கோடு போட்டுக் கொடுத்து, ஒரு முனையை நான் அமர்த்த, மறு முனையை அத்தான் அமர்த்தினார்.

அவள் வெட்டிய விதத்தை அப்படியே எழுதி வைக்க வேண்டும். நான் அட்டையைத் திருப்பித் திருப்பி வெட்டினேன். அவள் அட்டையைத் தொடவே இல்லை. மரத்தைச் சுற்றுவது போல மேசையைச் சுற்றினாள். கத்தியைத் தன் பக்கம் இழுத்தபடி ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தாள். முழங்கை உடம்போடு ஒட்டியே இருந்தது. அசைந்ததெல்லாம் கால்தான். கை, முதலில் பிடித்த சரிவிலேயே நின்றது. மூலைக்கு வரும்போது கத்தி தானாக மெதுவாகி, கோடு முடியும் இடத்தில் மேலே எழுந்தது. நாலு பக்கத்துக்கும் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

நான் அட்டையைத் தூக்கி நடுவில் விரலால் அழுத்தினேன். ஜன்னல் துண்டு விழவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அசையவில்லை. திருப்பிப் பார்த்தேன். அட்டையின் வெள்ளை முகம், கடையில் வாங்கியபோது இருந்தது போலவே இருந்தது. ஒரு கீறல் இல்லை. கத்தி எந்த இடத்திலும் வெளியே வரவில்லை.

ஆழம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு அட்டையைக் காம்பரா ஜன்னலின் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். பிடித்தவுடன் அத்தானையும் கூப்பிட்டேன். அட்டைக்குள் வெளிச்சத்தாலான ஒரு பெட்டி தெரிந்தது. நாலு கோடு, நாலு மூலை. எந்த இடத்திலும் அறுபடவில்லை. ஓர் இடம் கூடவும் இல்லை, ஓர் இடம் மங்கவும் இல்லை. அட்டையின் முழுத் தடிப்பையும் வெட்டி, கடைசியில் இருக்கும் மேல் தாளை மட்டும் அக்கா நாலு பக்கமும் மிச்சம் வைத்திருந்தாள். ஓர் இயந்திரத்தில் கொடுத்தால்கூட இப்படி நிறுத்துமா தெரியாது.

அக்காதான் காரணத்தைச் சொன்னாள், கொஞ்சம் வெட்கத்தோடு. பால் பட்டையில்தான் இருக்கிறது. பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு மெல்லிய தோல். அதுவரைக்கும் போக வேண்டும், அதைத் தொடக் கூடாது. தொட்டால் மரத்தில் காயம். அந்த இடம் முண்டு விழுந்து, பிறகு அதில் பால் வராது. கங்காணி ஒவ்வொரு மரமாகக் காயம் எண்ணுவார். பத்தொன்பது வருடமாக மரத்துக்கு ஒரு மயிர் முன்னால் நின்று பழகிய கை, இங்கேயும் நின்றுவிட்டது.

"கை நின்னுருச்சுடி. நான் நிறுத்தல" என்றாள்.

தள்ளி உடைத்தால் விளிம்பு பிய்ந்துவிடும். அதே தடத்தில் இன்னொரு தடவை வெட்ட வேண்டும், அவ்வளவுதான். பழைய தடத்தில் கத்தியை வைப்பது அவளுடைய அன்றாட வேலை. வைத்தாள், மேசையைச் சுற்றினாள். வெளிச்சத்தில் பிடித்தேன். அதே பெட்டி, அதே கோடு. கத்தி தடத்துக்குள் போய், அதே ஆழத்தில் மறுபடி நின்றிருக்கிறது. மூன்றாவது தடவையும் அப்படித்தான்.

மணி ஒன்றரை தாண்டிவிட்டது. மழை விடவில்லை. அந்தப் பாதையில் இந்த மழையில் இரத்தினபுரிக்கு ஒன்றேகால் மணி நேரமாவது வேண்டும். அத்தான், "மரத்துக்குக் காட்டுற இரக்கத்துல பாதிய எனக்குக் காட்டியிருந்தா நான் எப்பவோ நல்லாருந்திருப்பேன்" என்றார். அக்கா சிரிக்கவில்லை. கத்தியை வைத்துவிட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்தாள். போன வருடம் பஸ்ஸில் திரும்பி வந்தபோது இந்த முகத்தோடுதான் வந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

நான் வெட்டித் தரட்டுமா என்று கேட்க வாய் எடுத்தேன். அப்போது அவள் பார்வை மேசையில் என் இரண்டு வெட்டுகளில் போய் நின்றதைக் கவனித்தேன். அதுதான் விஷயம். அட்டைக்கு அடியில் இருப்பது ரப்பர் மரம். அது அவள் கைக்குத் தெரிகிறது.

நான் கெடுத்த அட்டையை எடுத்து, கொஞ்சம் கோணலாக, நல்ல அட்டைக்கு அடியில் சொருகினேன். "இப்ப கீழ மரம் இல்லக்கா. நான் நாசமாக்குன அட்டதான். நீ என்ன செஞ்சாலும் அதுக்கு மேல கெட்டுப்போகாது."

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு அட்டைக்கும் இடையில் விரலை விட்டுப் பார்த்தாள். கட்டரின் மழுங்கிய முனையை உடைத்துவிட்டுப் புது முனையைத் தள்ளினாள். "சரி. காயம் போடுறேன்" என்றாள்.

இந்தத் தடவை சத்தம் வேறாக இருந்தது. முன்பு உஸ்ஸென்று போன கத்தி, இப்போது கீழ் அட்டையைக் கவ்விக்கொண்டு கரகரவென்று வந்தது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்காவின் தோள் லேசாகத் தூக்கிப் போட்டது. கை மட்டும் விடவில்லை. ஒரு பக்கம். இரண்டு. நாலாவது பக்கம் முடிந்ததும் நிமிர்ந்தாள். இரண்டு மூலை மட்டும் நூல் அளவில் ஒட்டிக்கொண்டிருந்தன. அத்தானின் சவர பிளேடை உள்ளே விட்டு அவற்றை அறுத்தாள்.

அட்டையைத் தூக்கினேன். ஜன்னல் துண்டு, ஒரு சத்தமும் இல்லாமல், மேசையிலேயே படுத்துக் கிடந்தது. விளிம்பில் நாலு பக்கமும் ஒரே அகலத்தில் வெள்ளைச் சரிவு. நான் சத்தம் போட்டுக் கத்தினேன். பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து ஆட்கள் வந்து என்ன என்று பார்த்துவிட்டுப் போனார்கள். படத்தை அடியில் வைத்து, மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் டேப் ஒட்டினோம். கரை வந்ததும் அந்த ஏழு மரமும் இரண்டடி பின்னால் போய் நின்றன. நடுவில் நடந்து போக இடம் இருப்பது போல.

உரப் பையின் உள் பொலித்தீனில் சுற்றி, ஆட்டோவில் ஏறினோம். வழியெல்லாம் அக்கா அதை மடியில் படுக்க வைத்து, இரண்டு கையையும் மேலே வைத்திருந்தாள். அத்தான் பள்ளத்தில் விட்டபோதெல்லாம் அவருக்குக் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது நான்கு மணிக்குப் பதினொரு நிமிடம் இருந்தது. அதே மேசை. அதே ஆள்தான் என்று அக்கா என் காதில் சொன்னாள். பொலித்தீனைப் பிரித்தார். போன வருடம் போலவே ஓரத்தில் விரலை வைத்தார். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தாள். விரல் சரிவின் மேல் நகர்ந்தது. ஒரு மூலை, அடுத்த மூலை. நாலையும் சுற்றி வந்து நின்றது.

"கவுத மேக்க கெப்புவே?" என்றார். யார் வெட்டியது?

"மம" என்றாள் அக்கா. நான்தான்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, நான் எண்ணிய வரையில் ஒரு முழு நிமிடம், படத்தைப் பார்த்தார். மரத்துக்கு ஏன் இலை வரையவில்லை என்று சிங்களத்தில் கேட்டார். வெட்டும்போது யார் மேலே பார்க்கிறார்கள் என்று அவளும் சிங்களத்தில் கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். பிரேம் ஒன்றை எடுத்து அட்டையை இறக்கினார். ஒரு தட்டுக்கூடத் தட்ட வேண்டியிருக்கவில்லை. பின்னால் ஒரு நம்பர் ஒட்டினார். அக்கா அந்த நம்பரை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள். படியில் இறங்கிய பிறகுதான் என் கையைப் பிடித்தாள்.

திங்கட்கிழமை காலை நான் கொழும்பில், அலுவலகத்தில் இருந்தேன். பத்து மணிக்கு, பால் எடுக்கும் நேரத்தில், அக்கா போன் பண்ணினாள். அவள் அந்த நேரத்தில் பேசுவதே இல்லை.

"மொத மரத்துலயே காயம் போட்டுட்டேன்டி."

கத்தியை வைத்ததும் கை நேரே மரத்துக்கே போய்விட்டதாம். விரல் நகம் அளவுக்கு வெள்ளையாகத் தெரிகிறதாம். இரண்டாவது மரத்திலிருந்து சரியாகிவிட்டது என்றாள். பத்தொன்பது வருடத்தில் இல்லாத கூத்து இன்றைக்கு என்னவென்று கங்காணி பின்னால் நின்று சத்தம் போடுவது எனக்கும் கேட்டது. அக்கா போனை மறைக்கவில்லை. அவர் கேட்கத்தான் பேசினாள்.

"படத்துல ஏழு மரமும் சுத்தமா வரைஞ்சுட்டேன், இல்ல? ஒண்ணுலகூட காயம் இல்ல" என்றாள். "அடுத்ததுல ஒரு மரத்துல வைக்கணும். நீ வாற மாசம் வாறப்ப அட்ட ரெண்டு கொண்டா. வெட்டுறதுக்கு ஒண்ணு, கீழ வைக்கிறதுக்கு ஒண்ணு."